மூன்று சங்கக்காரக்கள்

2011 கிரிக்கெட் உலகக் கிண்ண அரையிறுதியன்று எங்கள் வீட்டில் சங்கக்கார மூன்றானார். பச்சைச் சங்கக்கார துடுப்பைத் தூக்க, சிவப்புச் சங்கக்கார பக்கத்தில் நின்று தூக்க, நீலச் சங்கக்கார சம்மனசு மாதிரி கொஞ்சம் மேலே மிதந்துகொண்டு தூக்கினார்.

ரீவி ஐம்பது அங்குலப் புரொஜெக்ஷன் வகை. கொழும்பில் வீடு மாறிய மச்சான், "நீங்களே வைச்சிருங்கோ" என்று தந்தது. ஆறு பேர் தூக்கும் சாமானை ஒருவர் சும்மா தருகிறார் என்றால் ஏனென்று கேட்டிருக்க வேண்டும். 2010இல் திறந்த மன்னார்ப் புதுப் பாலத்தால் லொறியில் வந்து இறங்கியபோது, அலுமாரி வாங்கினீர்களா என்று ஊர் விசாரித்தது.

டவுனில் திருத்துகிறவரிடம் போனேன். "கடைக்குக் கொண்டாங்கோ" என்றார். மறுபடி ஆறு பேருக்கு எங்கே போவது? சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட ஆள் நான். அந்தப் படிப்புப் போதும் என்று பின்பலகையைக் கழற்றினேன்.

உள்ளே மூன்று குழாய்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றும் தன் நிறத்தில் ஒரு படத்தை லென்ஸ் வழியே எறிய, பெரிய கண்ணாடி அதைத் திருப்பித் திரையில் போடுகிறது. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால்தான் ஆள் ஒருவர். விழவைக்கும் வேலை மரவட்டை மாதிரிக் கால்கள் வைத்த இரண்டு கறுப்பு ஐசிகளுடையது. ஒன்று கருகிக் கிடந்தது. பக்கத்து ஈயப் பற்றுகளில் பச்சைக் களிம்பு. ஜன்னல் கம்பியைத் தின்று முடித்த எங்கள் கடல்காற்று இங்கேயும் கைவைத்துவிட்டது.

கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து புது ஐசி பஸ்ஸில் வந்தது. ஈயம் வைக்கும்போது இரண்டு கால்களை ஒட்டவைத்து, பிரித்து, விரலையும் சுட்டுக்கொண்டேன். பிறகு கட்டம் போட்ட படத்தைத் திரையில் வரவைத்து, பச்சை அசையாமல் நிற்க, சிவப்பையும் நீலத்தையும் ரிமோட்டால் அதன்மேல் நகர்த்தவேண்டும். மூலைக்கு மூலை. விடியச் சேவல் கூவும்வரை நீலம் மட்டும் முரண்டுபிடித்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். திரையில் உப்புப் படிந்திருக்கிறதே என்று கழற்றி, இரண்டு தகடாகப் பிரித்துக் கழுவி, ஒன்றைக் கிணற்றுக்கட்டில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். கருவாடு பொரிகிற வாசம் வந்தது. குசினியில் அடுப்பு மூட்டவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா ஓலைப்பாயில் காயப்போட்டிருந்த கட்டாக் கருவாட்டில் சல்லிக்காசளவு வெளிச்சம் ஒன்று விழுந்து புகைந்துகொண்டிருந்தது. அந்தத் தகடு முழுக்க நுண்ணிய வட்டக் கோடுகள். ஐம்பது அங்குல வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும் பூதக்கண்ணாடி அது. மன்னார் வெயிலுக்கு அந்த உதவி தேவையா?

"ரீவி பழுதெண்டாய். இப்ப பாயும் பழுது" என்றார் அம்மா.

ஏப்ரல் 2, இந்தியாவுடன் இறுதியாட்டம். ஒழுங்கையே எங்கள் விறாந்தையில். எங்கள் அன்டெனா அப்போது பார்த்தது ராமேஸ்வரத்து 323 மீற்றர்க் கோபுரத்தை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது இலங்கையில். ஆகவே யார் எந்தப் பக்கம் என்று எழுதமாட்டேன். படம் அச்சு அசலாக வந்தது. ஒரே ஒரு மஹேல, ஆட்டமிழக்காமல் 103. இலங்கை 274. பிறகு தோனி வந்தார். குலசேகரவின் பந்தை அவர் தூக்கி அடித்த கடைசிச் சிக்ஸர், சிவப்பு நிழலோ நீல நிழலோ இல்லாமல், ஒற்றைப் பந்தாகப் பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கடைசியாகச் சம்மாட்டி அண்ணன் சாரத்தை இறுக்கிக்கொண்டு எழும்பினார்.

"தம்பி, நீ திருத்தாமலே விட்டிருக்கலாம். மூண்டு பந்து போயிருந்தா, எது சிக்ஸரெண்டு சண்டையாவது பிடிச்சிருப்பம்."