தாய்மாமன் தரும் தரச்சான்று

வாரும் மருமகனே, வாரும். உணவுப் பாதுகாப்பு அதிகாரின்னு ஆர்டர் வாங்கிட்டீராம்ல? நேத்து வரைக்கும் ‘ஏலே’ன்னு கூப்பிட்ட வாய் இது. இனிமே அப்படிக் கூப்பிட்டா, அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமத் தடுத்தேன்னு கேஸ் எழுதிருவீரு. அதனால மரியாதையாவே பேசுதேன். பயிற்சியில சொல்லிக்குடுக்காத சங்கதி கொஞ்சம் கைவசம் இருக்கு. பால் சொசைட்டியில கணக்கெழுதி, தலை நரைச்சு வெளிய வந்தவன் நான். கலப்படத்தைப் பத்திப் பேச என்னைவிட யோக்கியதை உள்ளவன் இந்தப் பக்கம் கெடையாது.

மொதல்ல ஒண்ணு. கலப்படக்காரனை மக்குன்னு நெனைக்காதேயும். ஆய்வுக்கூடத்துல புதுசா ஒரு பரிசோதனை வந்தா, காலேஜ் வாத்தியார் அதைப் பாடத்துல சேக்கிறதுக்கு முந்தியே அவன் படிச்சு முடிச்சிருவான். பட்டமும் கெடையாது, உதவித்தொகையும் கெடையாது. வெறும் ஆர்வந்தான். நாட்டுல விஞ்ஞான மனப்பான்மை இல்லைன்னு யாராவது மேடையில வருத்தப்பட்டா எனக்குச் சிரிப்பாணிதான் வரும்.

லேக்டோமீட்டரை எடுத்துக்கோரும். பால்ல மிதக்கவிட்டா அடர்த்தி தெரியும். தண்ணி ஊத்தியிருந்தா டிகிரி கொறையும். நல்ல கருவிதான், குத்தம் சொல்லலை. ஆனா கொழுப்பு தண்ணியைவிட லேசு. அதனால பால்லேருந்து ஆடையை எடுத்தா டிகிரி ஏறும். இது தெரிஞ்சவன் என்ன செய்வான்? மொதல்ல ஆடையை எடுத்து வெண்ணெயாக்கி வித்துப்புடுவான். அப்புறம் ஏறின டிகிரிக்குத் தக்கனத் தண்ணியை ஊத்துவான். கருவி பாத்துட்டு, பேஷ், சுத்தமான பாலுன்னு சொல்லும். ரெண்டு திருட்டு சேந்து ஒரு யோக்கியம் ஆயிருச்சு, பாத்தீரா?

அதைப் பிடிக்க சுவிட்சர்லாந்துல கெர்பர்னு ஒரு மனுசர் வழி கண்டுபிடிச்சாரு. கண்ணாடிக் குழாயில பாலை ஊத்தி, கந்தக அமிலம் சேத்து, வேகமாச் சுத்தவிட்டா கொழுப்பு தனியா மேல வந்து நிக்கும், அளந்துக்கிடலாம். சரி, கொழுப்பைத்தான பாக்காங்கன்னு நம்ம ஆளு எண்ணெயை ஊத்துதான். எண்ணெய் பிரிஞ்சு மிதக்குதா? கொஞ்சம் சோப்புத்தூள். டிகிரி இறங்குதா? சர்க்கரை, உப்பு, யூரியா. ஒரு பரிசோதனைக்கு ஒரு சாமான். நீங்க கேள்வித்தாளை விதிப்புத்தகத்துலேயே அச்சடிச்சுக் குடுக்கீக. அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் கச்சிதமா விடை எழுதுதான்.

இதுல பெரிய விடை ஒண்ணு சீனாவுல எழுதினான். 1883-ல டென்மார்க்குல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி ஆய்வுக்கூடத்துல யோஹான் கெல்டால்ங்கிறவரு ஒரு முறை கண்டுபிடிச்சாரு. ஒரு பொருள்ல நைட்ரஜன் எவ்வளவு இருக்குன்னு அளந்து, அதை வச்சுப் புரதம் எவ்வளவுன்னு கணக்குப் போடுறது. பீருக்குப் பொறந்த பரிசோதனை கடைசியில பச்சப்பிள்ளை பால்மாவுக்கும் தராசாச்சு. அதுல ஒரு ஓட்டை. அது புரதத்தைப் பாக்கலை, நைட்ரஜனைத்தான் பாக்குது. பாலுக்குத் தண்ணி ஊத்தினவன், கொறைஞ்ச புரதத்தை ஈடுகட்ட மெலமைனைப் போட்டான். தட்டு, கிண்ணம் செய்யுற பிளாஸ்டிக்குக்கு ஆகுற சரக்கு. அதோட எடையில மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன். கருவி முழு மார்க் போட்டுச்சு. 2008-ல வெளிய தெரிஞ்சப்ப, சான்லுங்கிற கம்பெனியோட மாவும் வேற பல கம்பெனி மாவும் குடிச்சு சுமார் 3 லட்சம் பிள்ளைகளுக்குப் பாதிப்பு. சிறுநீரகத்துல கல்லு. 6 குழந்தைக போயிருச்சு. மறு வருசம் ரெண்டு பேருக்கு மரணதண்டனை நிறைவேத்தினாங்க. அதுக்கப்புறந்தான் உலகம் பூரா மெலமைனுக்குன்னே தனிப் பரிசோதனை, தனி வரம்பு. இதுல கிண்டல் பண்ண எனக்கு வாய் வரலை, அடுத்ததுக்குப் போவோம்.

தேன். கரும்பும் மக்காச்சோளமும் காத்துலேருந்து கரியை எடுக்கிற விதம் ஒரு மாதிரி, தேனீ உக்காருற பெரும்பாலான செடிக எடுக்கிற விதம் வேற மாதிரி. சி-4, சி-3ன்னு பேரு வச்சிருக்காங்க. தேன்ல இருக்கிற எடை கூடின கரியணு, எடை கொறைஞ்ச கரியணு ரெண்டோட விகிதத்தைப் பாத்தா, கரும்புச் சீனி கலந்திருக்கான்னு சொல்லிரலாம். அழகான விஞ்ஞானம். எனக்கே படிச்சதும் தேனீ மேல மரியாதை கூடிப்போச்சு. கலப்படக்காரனுக்கும் கூடியிருக்கும்போல. நெல்லும் பீட்ரூட் வகைக் கிழங்கும் சி-3 சாதின்னு தெரிஞ்சுக்கிட்டு, அரிசிப்பாகுக்கு மாறிட்டான். 2020 டிசம்பர்ல டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேனை எடுத்து, காந்தப் புலத்துல வச்சு அணுவோட அதிர்வைப் படிக்கிற என்.எம்.ஆர். சோதனைக்கு ஜெர்மனிக்கு அனுப்புச்சு. எல்லாச் சோதனையிலயும் தேறினது 3. கம்பெனிக்காரங்க ஒத்துக்கிடலை, அது அவங்க உரிமை. பரிசோதனையில மாட்டாத பாகுன்னே சீன வியாபாரத் தளங்கள்ல விளம்பரம் பாத்ததாவும் அந்த மையம் சொல்லுச்சு. இதைவிட நேர்மையான விளம்பரம் நான் பாத்ததில்லை.

இதுல ஒரு நுணுக்கத்தை விட்டுராதேயும். அதே வருசம் ஆகஸ்டு மாசம் அமெரிக்காவுக்குப் போற தேனுக்கு என்.எம்.ஆர். சோதனை கட்டாயம்னு நம்ம நாடே விதி போட்டிருந்துச்சு. கப்பல்ல ஏறுற தேனுக்குத்தான் அது. உள்ளூர்ல பிள்ளை நாக்குல தடவுற தேனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்ம வயிறு வலுவானதுன்னு அரசாங்கத்துக்கு ஒரு நம்பிக்கை.

இப்ப எல்லாரும் பிளாக்செயின்னு சொல்லுத சங்கிலித்தொடர்ப் பதிவேடு, கியூஆர் கோடுன்னு பேசுதாங்க. நீரும் பேசுவீரு, புது ஆளுல்ல. அமெரிக்காவுல வால்மார்ட் கடைக்காரங்க ஐபிஎம்மோட சேந்து, ஒரு பொட்டலம் மாம்பழம் எந்தத் தோட்டத்துலேருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தாங்க. பழைய முறையில கிட்டத்தட்ட 7 நாள் ஆச்சு. புதுப் பதிவேட்டுல 2.2 விநாடி. நோய் பரவும்போது இது பெரிய விசயந்தான், மறுக்கலை. ஆனா பதிவேட்டுல ஒருதரம் ஏறினதை யாரும் மாத்த முடியாதுங்கிறாங்களே, பொய்யை ஏத்தினா அதையும் மாத்த முடியாதுல்ல? எங்க சொசைட்டி நோட்டுல பென்சிலால எழுதுவோம். தப்புன்னா அழிச்சுக்கிடலாம், அவ்வளவு நாணயம்.

சாம்பிள் எடுக்கிற மொறையைப் பத்தியும் சொல்லிருதேன். 2006-ம் வருசச் சட்டப்படி ஒரு சாம்பிளை நாலு பங்கா வைக்கணும். ஒண்ணு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, ரெண்டு நியமன அலுவலருக்கு, கடைக்காரன் கேட்டா நாலாவதை அங்கீகாரம் வாங்கின வேற ஆய்வுக்கூடத்துக்கு. 14 நாள்ல அறிக்கை வரணும். பாலுன்னா அதுவரைக்கும் திரைஞ்சிரும்ல? அதனால 25 மில்லிக்கு ரெண்டு சொட்டு ஃபார்மலின் விட்டு வைக்கச் சொல்லி விதி இருக்கு. மீன்ல ஃபார்மலின் தடவினவனைக் காலையில பிடிப்பீரு. அதைக் கண்டுபிடிக்கக் கொச்சியில மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரங்க காகிதப் பட்டையே செஞ்சிருக்காங்க, சட்டுன்னு நிறம் மாறும். சாயங்காலம் பால் சாம்பிள்ல நீரே ஃபார்மலின் விடுவீரு. ரெண்டு பாட்டிலையும் மாத்தி வச்சிராதேயும், ஒம்ம மேலயே கேஸ் வந்துரும்.

சரி, இனிமே சொல்லுததுதான் முக்கியம். வெத்தலையைத் துப்பிட்டுச் சொல்லுதேன்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல நாடு பூரா 6,432 பால் சாம்பிள் எடுத்துச்சு. பாலெல்லாம் விசம்னு ஊரே அலறிக்கிட்டிருந்த நேரம். 2019-ல அறிக்கை வந்துச்சு. மனுசன் வேணும்னே கலந்த கலப்படம் எத்தனை சாம்பிள்ல? 12. ஆயிரக்கணக்குல வரும்னு காத்திருந்தவனுக்கெல்லாம் மொகம் தொங்கிப்போச்சு. ஆனா அஃப்ளாடாக்சின் எம்-1ங்கிற பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல இருந்தது 368 சாம்பிள்ல. இதுல எண்ணிக்கைப்படி மொதல் பரிசு எந்த மாநிலத்துக்குன்னு நெனைக்கீரு? நமக்குத்தான். தமிழ்நாட்டுல எடுத்த 551-ல 88.

இதை யாரும் பால்ல ஊத்தலை. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் இதுல ஈரம் பட்டா ஒரு பூஞ்சாணம் புடிக்கும். அது விடுற நஞ்சை மாடு தின்னு, அதுல ஒரு சின்னப் பங்கை உருமாத்தி மடியில இறக்கிருது. 1960-ல இங்கிலாந்துல 1 லட்சத்துக்கு மேல வான்கோழி திடுதிப்புன்னு செத்து, பிரேசில்லேருந்து வந்த கடலைப் புண்ணாக்குல தேடிப் போய்க் கண்டுபிடிச்ச நஞ்சு இது. பாலைக் காய்ச்சினாப் போகாது. நம்ம நாட்டு வரம்பு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அதாவது 2,000 டன் பால்ல ஒரே ஒரு கிராம். ஐரோப்பாக்காரன் வரம்பு அதுலயும் பத்துல ஒரு பங்கு. அந்தளவைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கு மருமகனே, அதுக்கு ஒரு கும்பிடு போடலாம். வேணும்னே ஊத்தினவனைத்தான் பிடிக்கணும்னு கெளம்பின கருவி, ஒருத்தனும் ஊத்தாததைக் காட்டிக் குடுத்துருச்சு.

இதுக்கு யாரைப் பிடிப்பீரு? கறந்தவனுக்குத் தெரியாது, வாங்கினவனுக்குத் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. புண்ணாக்கு வித்தவனைப் பிடிக்கலாம்னா, ஒம்ம சட்டத்தைப் பிரிச்சுப் பாரும். உணவுன்னா என்னன்னு சொல்லுத எடத்துலயே மாட்டுத் தீவனம் சேராதுன்னு எழுதியிருக்கு. பாலைத் தொட்டா நீரு அதிகாரி. பாலுக்கு முந்தின அக்கரையில வெறும் விருந்தாளி.

அதனால நீரு பஞ்சுமிட்டாய்க்காரனைத் தேடிப் போவீரு. போரும். 2024 பிப்ரவரியில ரோடமின் பி சாயம் இருக்குன்னு புதுச்சேரியும் தமிழ்நாடும் நெறம் போட்ட பஞ்சுமிட்டாயைத் தடுத்தது சரிதான், துணிக்குப் போடுற சாயம் பிள்ளை வயித்துக்குப் போகக்கூடாது. கம்புல கட்டித் தூக்கிக்கிட்டு வாரவன், ரோஸ் கலர்ல தூரத்துலயே தெரிவான், ஓடவும் மாட்டான். போட்டோவும் நல்லா வரும். பேப்பர்ல பாத்து நானும் பெருமைப்பட்டுக்கிடுதேன்.

போட்டோ வந்தபெறகு ஒழிஞ்ச நேரத்துல ஒம்ம வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குள்ள ஒருதரம் போம். ஐப்பசி அடைமழையில ஒழுகுற மூலையில, மண்தரையிலேயே புண்ணாக்குச் சாக்கை அடுக்கி வச்சிருக்கா எங்க அக்கா. மோந்து பாத்தா நஞ்சு தெரியாது, அதுக்கு மணமும் இல்லை நெறமும் இல்லை. சாக்கை எடுத்துப் பலகை மேல வையும், ஈரம் பிடிச்சதை உரக்குழியில தட்டும். நோட்டீஸ் கீட்டீஸ் கையில வச்சுக்கிட்டுப் போயிராதேயும். இந்த மாவட்டத்துல ஒம்ம பதவிக்குப் பயப்படாத ஒரே ஆளு அவதான், வெளக்கமாறும் கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கும்.