கொடுத்துச் சிவந்த கை

எங்கள் அடுக்ககச் செயலாளர் ஐயாவைப் போல மீன்மேல் பாசம் வைத்தவரைப் பார்ப்பது அரிது. நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் ஒன்றைக் கொளத்தூரில் பேரம் பேசி வாங்கிவந்து, வாஸ்து நிபுணர் சொன்ன மூலையில், அந்த மூலைக்குள் அடங்குகிற தொட்டியில் குடிவைத்தார். 1990-களில் மலேசியாவில் சிக்லிட் இனங்களைக் கலந்து உருவாக்கிய மீனுக்கு நம் வாஸ்து சாஸ்திரம் அன்றே இடம் ஒதுக்கி வைத்திருந்தது முன்னோர்களின் பெருமை. 30 செ.மீ. வரை வளர்கிற மீனுக்கு 200 லிட்டராவது தண்ணீர் வேண்டும் என்பவர்கள் சாஸ்திரம் படிக்காதவர்கள்.

ஃபிளவர்ஹார்ன் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். தீனி டப்பாவை எடுத்தாலே கண்ணாடியில் வந்து முட்டும். அது ஒருநாள் நிறம் மங்கி மூலையில் நின்றது. போட்ட பெல்லட்டை வாயில் வாங்கித் துப்பியது. இதையெல்லாம் கவனிக்க ஐயாவுக்கு ஏது நேரம்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாதான், "சார், மீனு ரெண்டு நாளா சாப்புடல" என்றார். ஐயா பதறவில்லை. "ஏகாதசியா இருக்கும்மா" என்றார்.

ஆனாலும் இளகிய மனசு. விரதம் முடிக்கட்டும் என்று மறுநாள் இரண்டு பங்கு போட்டார். அதற்கு மறுநாள் மூன்று. தின்னாத தீனி அடியில் அழுகும், அதில் அம்மோனியா ஏறும், அது செவுளைப் புண்ணாக்கும், செவுள் புண்ணான மீன் இன்னும் தின்னாது என்பதெல்லாம் கஞ்சர்கள் போடும் கணக்கு. தீனியை நிறுத்தி, கிடக்கிற கழிவை உறிஞ்சி எடுத்து, கால் பங்குத் தண்ணீரை மாற்றிப் பார்ப்பார்களாம். பட்டினி கிடக்கிற ஜீவனுக்குச் சோற்றை நிறுத்துவதா? ஐயாவின் வீட்டில் அந்தப் பாவம் நடக்கவில்லை.

சிக்கனத்திலும் அவருக்கு நிகர் அவரே. தினமும் இரவு பத்து மணிக்கு ஃபில்டரை அணைத்துவிடுவார். அம்மோனியாவைத் தின்று தீர்க்கிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. நீரோட்டம் நின்றால் அவற்றுக்கு ஆக்சிஜன் கிடையாது. வாடகை தராத குடித்தனம் எக்கேடு கெட்டால் என்ன? அப்படியும் பிழைத்துக் கிடந்தவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுதலை: குளோரின் மணக்கும் குழாய்த் தண்ணீரில் பஞ்சை நுரை போகக் கசக்கிப் பிழிவார். தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுகிறவர்கள் வீட்டுப் பஞ்சு பழுப்பேறித்தான் இருக்கும். அங்கே மீன் வேண்டுமானால் நன்றாக இருக்கும்; பஞ்சைப் பார்க்கச் சகிக்காது.

"வெள்ளையா நூல் மாதிரி போவுது சார்" என்று அந்த அம்மா மறுபடியும் வந்து நின்றார். குடலில் நோய் இருக்கலாம் என்பதற்கு மீன் காட்டக்கூடிய அடையாளங்களில் அது ஒன்று. ஐயா அன்றே செயலில் இறங்கினார். மருந்துக் கடைக்கு அல்ல, ஜோசியரிடம்.

மீன் மிதந்த அன்று அவர் காட்டிய தன்னடக்கம் யாருக்கு வரும்? "குடும்பத்துக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு" என்று முழுப் பெருமையையும் மீனுக்கே விட்டுக்கொடுத்தார். தன் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதைவிடப் பெரிய நெற்றியுள்ள மீனுக்கு இப்போது முன்பணம் கொடுத்திருக்கிறார். கொளத்தூர்க் கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஐயாவுக்கு விலையில் கொஞ்சம் சலுகை காட்டுங்கள். அடிக்கடி வருவார்.