போடிக் காயும் கயானாத் தபால்தலையும்: ஓர் ஒப்பீட்டாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளில் வியாபாரி சாம்பிள் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டுவார், விரலால் கிளறுவார். பச்சை வெளுத்திருந்தால் விலை இறங்கும். வாய் பிளந்திருந்தால் இன்னும் இறங்கும். 8 மி.மீ. சல்லடையில் நிற்காமல் நழுவிய காய்க்கு மரியாதையே வேறு. குறை கூடினால் விலை குறையும் என்பது கம்பம் பள்ளத்தாக்கின் அடிப்படைப் பொருளியல். இதைக் குலைக்க வந்தது தபால்தலை ஏலம்.

2. சான்றுகள்

(அ) பிரிட்டிஷ் கயானா, 1856. லண்டனிலிருந்து வரவேண்டிய தபால்தலை வந்துசேரவில்லை. அவசரத்துக்கு உள்ளூர் அச்சகத்தில் அடித்தார்கள். கள்ள அச்சுக்குப் பயந்து தபால் குமாஸ்தாக்கள் அவற்றில் இனிஷியல் கிறுக்கினார்கள். ஒரு சென்ட் தலையில் தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்று. 1873-இல் 12 வயதுப் பையன் அதை 6 ஷில்லிங்குக்கு விற்றான். 2014-இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்குப் போனது. சரக்கின் தரம்: நாலு மூலையும் வெட்டு, மேலே கிறுக்கல், முத்திரைக் கறை. போடியில் தட்டோடு தள்ளிவிடுவார்கள். 2021-இல் அதுவே 83 லட்சத்துக்கு இறங்கியது. இந்த ஒரு துயரம் மட்டும் நம் வியாபாரிகளுக்கு நன்றாகப் புரியும்.

(ஆ) கல்கத்தா நாலணா, 1854. சிவப்புச் சட்டம் ஒரு தடவை, நீலத் தலை ஒரு தடவை என இரட்டை அச்சு. தாளை மாற்றி வைத்ததில் சிலவற்றில் விக்டோரியா ராணி தலைகீழானார். நிமிர்ந்த ராணியைவிடக் கவிழ்ந்த ராணிக்குப் பல மடங்கு விலை.

(இ) காந்தி பத்து ரூபாய், 1948. கவர்னர் ஜெனரல் ராஜாஜியின் அலுவலக உபயோகத்துக்கு ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டவை 100 மட்டுமே. ஒட்டியபடி இருந்த நான்கு, 2017-இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றன. இதில் பழுதே இல்லை. எனவே குறைதான் விலை என்ற கருதுகோள் இங்கே படுத்துவிடுகிறது.

3. விவாதம்

சரி, அபூர்வம்தான் காரணமா? உற்றுப் பார்த்தால் எந்த ஏலக்காயும் இன்னொன்றைப் போல இல்லை; ஆனாலும் ஒற்றைக் காய்க்கு எவரும் விலை கேட்பதில்லை. பாயசத்தில் போட்டால் எல்லாம் ஒன்றுதான். ஆகவே விலை ஏற மூன்று நிபந்தனைகள் கூடிவர வேண்டும்: பொருள் எதற்கும் உதவக் கூடாது, அரிதாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் ஆசைப்பட வேண்டும்.

4. பரிந்துரை

குமுளிக்கு மேலே தோட்டம் வைத்திருந்த குடும்பங்களின் பழைய டிரங்குப் பெட்டியில், 1888 முதல் திருவிதாங்கூர் வெளியிட்ட சங்குத் தபால்தலைகள் கிடக்கலாம். பெரும்பாலானவை மலிவு, ஏராளமாக அச்சிட்டார்கள். முதல் நிபந்தனை தேறும், இரண்டாவது தேறாது. மூன்றாவதைப் பற்றிக் கவலை வேண்டாம்: பாகப்பிரிவினை நாளில் பெட்டியைத் திறந்தால் பங்காளிகளே விலையை ஏற்றிவிடுவார்கள்.