எலியின் மேல் பழி: கிடந்த திரை, நின்ற திரை பற்றிய சாகுபுரத்து ஆய்வு

கணினித் திரைக்குக் கோலம் இரண்டு. அகலவாட்டில் கிடப்பது கிடந்த கோலம்; நெட்டுக்குத்தாக நிற்பது நின்ற கோலம். நவதிருப்பதி சேவித்தவர்களுக்கு இந்தப் பாகுபாடு புதிதல்ல. ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கும் பெருமாள் திருப்புளிங்குடியில் கிடக்கிறார். நடுவே வரகுணமங்கையில் இருந்த கோலமும் உண்டு; மானிட்டருக்கு அந்தப் பேறு இன்னும் வாய்க்கவில்லை. கோலம் மாறினால் மவுஸ் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்றொரு புகார் நெடுநாளாக நிலவுகிறது. அது அபாண்டம் என்று நிறுவ வந்தது இக்கட்டுரை.

கள ஆய்வு நடந்தது சாகுபுரத்து ஜெராக்ஸ் கடை ஒன்றில். காஸ்டிக் சோடா ஆலையும் உப்பளங்களும் சூழ்ந்த ஊர். மனு தட்டிக்கொண்டிருந்த யாரோ கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அம்புக்குறியோடு சேர்த்து அழுத்திவிட்டார்கள். இன்டெல் கிராஃபிக்ஸின் பழைய மென்பொருளுக்கு அது ‘படத்தைத் திருப்பு’ என்ற கட்டளை. படம் வலப்பக்கம் தலைசாய்த்துப் படுத்தது.

“மவுஸுக்கும் கோட்டி புடிச்சிட்டு. சோத்தாங்கைப் பக்கம் இழுத்தா கீழ போவுது,” என்றார் கடைக்கார அண்ணாச்சி.

“உப்புக் காத்து உள்ள போயிருக்கும் அண்ணாச்சி,” என்றான் கடைப் பையன்.

துடைத்தார்கள், ஊதினார்கள், புது மவுஸ் வாங்கினார்கள். அதற்கும் அதே கோட்டி.

உப்பே காரணம் எனின், அற்றன்று. யூஎஸ்பி முனையில் துருவேறினால் அம்பு விட்டுவிட்டு நகரும். வயிற்றுக் கண்ணில் தூசி படிந்தால் துள்ளும். மிகத் துல்லியமாகச் செங்கோணம் திரும்பி ஓடாது. உப்புக்குச் செங்கோணம் தெரியாது. மவுஸுக்கோ, திரை என ஒன்று இருப்பதே தெரியாது. அடியிலுள்ள சின்னஞ்சிறு கேமரா விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேலாக மேசையைப் படமெடுக்கும். பக்கவாட்டில் இவ்வளவு, முன்பின்னாக இவ்வளவு என இரண்டு எண்களைக் கணினிக்கு அனுப்பும். அத்துடன் அதன் கடமை முடிந்தது. 1964இல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மரப்பெட்டி மவுஸும், ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய இரு சக்கரங்களால் இதையேதான் செய்தது. எண்களை வாங்கிப் படத்தின் வலப்பக்கம் அம்பை நகர்த்துவது கணினி. படத்தின் வலப்பக்கம் இப்போது தரையைப் பார்த்திருந்தால் அதற்கு எலி என்ன செய்யும்?

பரிகாரம் மூன்று. முதலாவதற்கு நூற்பா உண்டு, அடியேன் இயற்றியது: “திரைத்தலை சாய்வுழி எலித்தலை சாய்க்க.” படத்தின் தலை எந்தப் பக்கம் சாய்ந்ததோ மவுஸின் தலையையும் அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தால் அம்பு கைபோன திசையில் போகும் என்க. செய்து பார்க்கலாம், பலிக்கும். ஒயர் மட்டும் வலப்பக்கம் நீண்டு டீ கிளாஸில் விழும். இரண்டாவது, தன் தலையைச் சாய்ப்பது. இதுவும் பலிக்கும், கழுத்து வலி தனிக்கணக்கு.

மூன்றாவதுதான் அண்ணாச்சி கண்டது. மானிட்டரையே தூக்கி, இரண்டு செங்கலை முட்டுக்கொடுத்து, இடப்பக்கமாக நிமிர்த்தி நிறுத்திவிட்டார். படம் நேரானது, மவுஸ் தெளிந்தது. போதாததற்குப் பட்டா, சிட்டா எல்லாம் முழுப்பக்கமாகத் தெரிந்தன. சிரிக்க வேண்டாம். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தார் மவுஸோடு உருவாக்கிய ஆல்ட்டோ கணினியின் திரையும் நின்ற கோலமே: அகலம் 606 புள்ளி, உயரம் 808. ஜெராக்ஸ் கடையில் ஜெராக்ஸ் மரபு மீண்டது என்று கொள்க.

பழகிக்கொண்டால் என்ன எனின், அதற்கும் சான்று உண்டு. ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலார் 1890களில், உலகைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடியை நாள்கணக்கில் அணிந்து நடமாடினார். கை மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. புன்னைக்காயல் கடலோடிக்கு இது பிள்ளைப் பாடம். சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. ஆனால் முழுக்கத் தலைகீழாவதைவிடக் கால்வாசித் திருப்பம்தான் கைக்குக் கடினம். வலப்பக்கம் தள்ளினால் அடிக்கடலுக்குப் போகும் படகை அவரும் ஓட்டியதில்லை.

புறனடை: நின்ற திரையும் கிடந்த திரையும் அருகருகே இருந்தால் அம்பு சில இடங்களில் விளிம்பில் முட்டி நிற்கும். 1920 புள்ளி உயரத்துக்கு அருகில் 1080 இருந்தால் மிச்சம் 840 புள்ளியும் கணினிக்குச் சுவர். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் உள்ள இரு கட்டங்களை இழுத்து ஒழுங்குசெய்தால் வழி எங்கே என்பதாவது நம் விருப்பப்படி அமையும்.

களத்துக்குத் திரும்புவோம். செங்கல் மேல் நின்ற திரையைக் கண்டு மனம் பொறாத கல்லூரித் தம்பி ஒருவர், அண்ணாச்சியைக் கேட்காமலேயே ஓரியன்டேஷனை ‘லேண்ட்ஸ்கேப்’ ஆக்கினார். நின்ற திரையில் படம் மறுபடி படுத்தது. இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று விண்டோஸ் கேட்டது. விடை சொல்லாவிட்டால் 15 விநாடியில் பழைய நிலைக்கு அதுவே திரும்பிவிடும். தம்பி அம்பை விரட்டினார். அது குறுக்கே ஓடியது. “பழையபடி கோட்டி!” என்று அண்ணாச்சி மவுஸைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து, உறையைக் கிழித்துச் செருகினார். அதற்குள் 15 விநாடி கடந்திருந்தது. படம் நிமிர்ந்தது, புது மவுஸ் பிசகாமல் ஓடியது.

“பாத்தியாடே தம்பி, நா அப்பமே சொல்லல?” என்றார் அண்ணாச்சி.