காயிலா, டேங்கா, காயலான் கடையா?

போன வாரம் சேலையூரில் ஒரு வீட்டில் விடியற்காலையில் கீஸரைப் போட்டதும் ட்ரிப்பர் விழுந்தது. வீடு முழுக்க இருட்டு. குளியலறைக்குள்ளிருந்து ஷாம்பு நுரையோடு ஒரு குரல். கூடத்திலிருந்து "அப்பவே சொன்னேன்" என்று இன்னொரு குரல். அந்த வீட்டுக்காரரும் இதை எழுதுகிறவரும் ஒரே ரேஷன் கார்டில் இருப்பவர்கள் என்பதால் கோபம் இன்னும் ஆறவில்லை. பழைய கீஸரைப் பழுதுபார்ப்பதா, தலைமுழுகிவிட்டுப் புதிது வாங்குவதா என்பதற்கு ஒரே வரியில் விடை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லிவிடலாம். அதற்கு முன் சில ஆட்களிடம் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு பாக்கியிருக்கிறது.

சென்னையில் இதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள், அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் குளிர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடையில் மொட்டை மாடி சின்டெக்ஸே கீஸர்தான். ஆனாலும் மார்கழி பிறந்து தண்ணீர் கொஞ்சம் சில்லிட்டால் போதும், தாம்பரத்துக்காரர் மங்கி குல்லாயோடு பால் பாக்கெட் எடுக்க வருவார். உள்ளே கீஸர் ஓடிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் பாய்லர் நின்றால் உயிருக்கே ஆபத்து. 2010-ல் அங்கே அரசாங்கமே, பழைய பாய்லரைக் கழற்றிப் புதிது மாட்டுகிறவர்களுக்கு 400 பவுண்டு வவுச்சர் கொடுத்தது. இங்கே கீஸர் நின்றால் வீட்டுக்காரரின் மரியாதைக்கு மட்டும்தான் ஆபத்து. வவுச்சர் தர ஆளில்லை; 'பழைய இரும்பு, ஈயம், பித்தளை' என்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருகிறவர் சொல்கிற விலைதான்.

குரோம்பேட்டை, நங்கநல்லூர் வீடுகளின் பின்கட்டில் ஒரு காலத்தில் நின்ற செப்பு பாய்லருக்கு இந்தச் சங்கடமே கிடையாது. நடுவில் ஒரு குழாய், அதில் தணல், சுற்றிலும் தண்ணீர். கொட்டாங்குச்சி, தென்னை மட்டை, பழைய பேப்பர், பையன் ஒளித்து வைத்த விடைத்தாள், எதைப் போட்டாலும் வெந்நீர் வரும். ஒழுகினால் பற்றவைப்பார்கள். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தது. எடைக்குப் போட்டபோதும் செம்பு விலை கிடைத்தது. போடாமல் வைத்திருந்தவர்கள் வீட்டில் இப்போது அது வாசலில் மணிபிளான்ட் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு யாரும் வாரண்டி கார்டு தேடியதில்லை.

கீஸர் சாவதற்குக் காரணம் கம்பெனி என்று வீட்டிலும், கரண்ட் என்று மெக்கானிக்கும், கண் திருஷ்டி என்று மாமியாரும் சொல்வார்கள். காரணம் தண்ணீர். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலை, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாமாம். இந்த 'வேறு வழியே இல்லையென்றால்' என்பதைப் படிக்கும்போது, அதை எழுதியவர் சிட்லபாக்கத்திலோ மேடவாக்கத்திலோ ஒரு வருஷமாவது குடியிருந்திருப்பார் என்றே தோன்றுகிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. போர் தண்ணீருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது பழைய பஞ்சாயத்துக் காலத்து உப்போடுதான் மேலே வருகிறது.

அந்த உப்பில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் குளிர்ந்த நீரில் சாதுவாகக் கரைந்திருக்கும். சூடு ஏற ஏற வெள்ளைக் காரையாகப் பிரிந்து காயில் மேல் படியும். காயில் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்துகொள்ளும். கீஸருக்குள் கொடகொடவென்று சத்தம் வருவது அப்போதுதான். பல வீடுகளில் அதைத் தண்ணீர் கொதிக்கிற சத்தம் என்று நினைத்துத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஒரு நாள் காயிலின் மேலுறை விரிசல் விடும், தண்ணீருக்குள் மின்சாரம் கசியும், ட்ரிப்பர் விழும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் மூழ்கின. சீலிங்கை ஒட்டித் தொங்கிய கீஸரை வெள்ளம் தொடவில்லை. அதை முடிக்கிற தண்ணீர் உள்ளேயே இருக்கிறது.

டேங்கைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி உண்டு. ஆனோடு என்று பெயர். துரு இரும்பைத் தின்பதற்குப் பதிலாக இதைத் தின்னட்டும் என்று பலிகொடுப்பதற்காக வைத்தது. அது கரைந்து முடிந்தால் அடுத்த பலி டேங்க். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து மாற்ற வேண்டும். கீஸர் விற்ற கடையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால், அவர் பெயரில் ஒரு தெரு வைக்கலாம்.

இனி மெக்கானிக்குகள்.

டூல் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே வருகிற முதல் கேள்வி: "இதை யாரு சார் பார்த்தது?" கேள்வியில் இருக்கிற அருவருப்பைக் கேட்டால், கீஸரைத் திறந்து உள்ளே ஒரு பிணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே தோன்றும். இந்த மரபு புதிதல்ல. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் தொடங்கி வரிசையாக வந்தார்கள். முன்னவர் சொன்னதை எடுத்துப்போட்டு, 'அது பொருந்தாது' என்று மறுத்துவிட்டுத்தான் பின்னவர் தம் உரையைத் தொடங்குவார். கீஸர் மெக்கானிக்குகள் அந்த உரையாசிரியர் பரம்பரையின் கடைசி வாரிசுகள். பம்மல்காரர் வந்து 'தெர்மோஸ்டாட்' என்று உரை கண்டார். மாடம்பாக்கத்துக்காரர் அதை மறுத்து, "தெர்மோஸ்டாட்டை சும்மா மாத்தியிருக்கான் சார், போனது காயில்" என்றார். அவருக்குப் பின் வந்தவர் காயிலை ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குப் போட்ட கேஸ்கெட்டைக் கண்டித்தார். இரண்டு ஒயரின் நிறம் மாறியிருந்ததை ஒருவர் பாடபேதம் என்றே கருதி, பழையபடி மாற்றினார். அடுத்தவர் அதுதான் பிழை என்று திரும்ப மாற்றினார். நடுவில் யாரோ அப்பிவிட்டுப் போன எம்-சீல் இடைச்செருகல் என்பதில் மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அதை அப்பியவர் யார் என்பதற்கு வரலாற்றுச் சான்று கிடைக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவரைக் காட்டினார்கள். ஸ்டூலில் நின்று டார்ச் பிடித்த வீட்டுக்காரருக்கு மாணாக்கர் வேலை. "சார், கொஞ்சம் லெஃப்ட்ல காட்டுங்க." நச்சினார்க்கினியருக்கு விளக்குப் பிடித்தவருக்கும் கழுத்து வலித்துத்தான் இருக்கும். கடைசியாக வந்தார் கம்பெனி டி-சர்ட் போட்ட இளைஞர். அவர் உரைகளைத் தொடவே இல்லை. மூலநூலையே நிராகரித்தார்: "சார், இந்த மாடலே இப்ப வர்றதில்ல." வந்து பார்த்ததற்கு மட்டும் ரசீது கிழித்தார்.

மூலநூல் சும்மா இருக்குமா? உரை பெருகப் பெருகத் துளித்துளியாக ஒழுக ஆரம்பித்தது.

இதில் சிரிக்க முடியாத ஓர் உரையும் உண்டு. "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிட்டு டைரக்ட் கொடுத்துடலாம் சார், செலவே இல்ல." இன்னொருவர், "ட்ரிப்பர்தான் தொந்தரவு, அதை பைபாஸ் பண்ணிடலாம்" என்கிறார். சூடு ஏறியதும் நிறுத்துகிறது தெர்மோஸ்டாட். கசிந்தால் ஆளைக் காப்பாற்றுகிறது ட்ரிப்பர். சேஃப்டி வால்வும் உப்பில் அடைத்திருந்து தெர்மோஸ்டாட்டும் இல்லையென்றால், தலைக்கு மேலே தொங்குவதற்குப் பெயர் கீஸர் அல்ல. இப்படிச் சொல்கிறவரை டீ கொடுக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

ஒரு வரி விடைக்கு வந்துகொண்டே இருக்கிறோம். வெளிநாட்டில் ஒரு விதி சொல்கிறார்கள்: பழுதுச் செலவு புதிதின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு. நம் ஊரில் எந்தப் பழுதும் பாதியைத் தாண்டாது. தெர்மோஸ்டாட் சில நூறு, காயில் சில நூறு, கேஸ்கெட் அதற்கும் கீழே. ஒவ்வொரு முறையும் விதி 'பழுதுபார்' என்றே சொல்லும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரர், "இவ்வளவு பண்ணியாச்சு, இதையும் பண்ணிடுவோம்" என்பார். எல்லா ரசீதையும் ஒரு நாள் வீட்டம்மா கூட்டிப் பார்ப்பார். அன்றைக்கு வீட்டில் சமையல் சுருக்கமாக இருக்கும்.

ஷோரூமில் வேறு கணக்கு. "ஐந்து ஸ்டார் வாங்கினா கரண்ட் பில் பாதியாயிடும் சார்." ஆகாது. ஸ்டோரேஜ் கீஸரில் ஒட்டுகிற ஸ்டார், சூடான தண்ணீர் 24 மணி நேரம் டேங்கில் சும்மா கிடக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. கால் மணி நேரம் போட்டு, குளித்ததும் ஓடிவந்து சுவிட்சை அணைக்கிற குடும்பத்துக்கு இதனால் வரும் லாபம் அற்பம். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோகச் சுமார் 0.6 யூனிட் ஆகும். ஒரு ஸ்டாருக்கும் அதே, ஐந்து ஸ்டாருக்கும் அதே. நாளுக்கு இரண்டு டேங்க் என்றாலும் இரண்டு மாத பில்லில் 70 யூனிட் பக்கம்தான். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் எகிறுவதற்கு ஹாலில் ஓடுகிற ஏ.சி.யைக் கேட்க வேண்டும். ஆனால் ஏ.சி. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

2018 ஜூலையில் வாட்டர் ஹீட்டருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்' என்று ஓர் இணையதளமே திறந்தது. உதிரிபாகமும் சர்வீஸ் விவரமும் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் பக்கம் கடைகடையாக ஏறி ஆனோடு கம்பி கேட்டுப் பாருங்கள். "கம்பியா? ஹார்டுவேர் கடையில கேளுங்க சார்" என்பார்கள். ஹார்டுவேர் கடையில் எத்தனை எம்.எம். என்று கேட்பார்கள்.

அந்த ஒரு வரி விடை இதுதான்: காயில் போனால் பழுதுபாருங்கள், டேங்கே துருப்பிடித்து ஓட்டையானால் புதிது வாங்குங்கள், அதற்கு மருந்து இல்லை. அந்த இடத்தில் எம்-சீலோடு வருகிறவரை நம்ப வேண்டாம். இப்படி டேங்க் போகிற நாளைத் தள்ளிப்போடுகிற ஒரே சாமான் அந்தக் கம்பி. மிக்ஸிக்கு ஜார், குக்கருக்கு கேஸ்கெட் எந்தத் தெருவிலும் கிடைக்கிறபோது அது மட்டும் கிடைக்காமல் இருப்பது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நல்லவர்கள்.

கீஸர் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கம்பியைக் கடைகளில் தனியாக விலைக்குக் கொடுங்கள். முன்பக்கம் ஐந்து நட்சத்திரம் ஒட்டுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் 'ஆனோடு கடைசியாக மாற்றிய தேதி' என்று அச்சடித்து ஒரு கோடு போட்டு வையுங்கள். பேனாவை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.