வைரஸ் அண்ணாச்சி

தென்காசியில் ஜெராக்ஸ் கடை இருக்கும் தெருவிலெல்லாம் வைரஸ் அண்ணாச்சி ஒருவர் இருப்பார். கடை அவருடையது இல்லை, கம்ப்யூட்டரும் அவருடையது இல்லை. ஸ்டூல் மட்டும் அவருடையது.

ஆனியில் சாரல் கட்டிவிட்டால் குற்றாலத்தோடு அண்ணாச்சிக்கும் சீசன். ஐந்தருவியில் குளித்த தலை காயுமுன் கடைக்கு வந்துவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல மானிட்டர்மேல் உள்ளங்கையை வைப்பார். "சுடுது. வைரஸ்தான்." வைரஸ் இருந்தாலும் அது சிபியூவில் அல்லவா இருக்கும், மானிட்டர் என்ன பாவம் செய்தது? கேட்கக் கூடாது. மவுஸ் நகரவில்லையா, வைரஸ். (அதனடியில் பிரானூர் பார்டர் புரோட்டாவின் சால்னா காய்ந்துகிடப்பது தனிக்கதை.) பிரிண்டர் தாளை மென்றால் வைரஸ். கரண்டு போனால்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் விட்டுக்கொடுப்பார்.

"2000-ல ஐ லவ் யூ வைரஸ் வந்துச்சுல்லா, அப்பமே சொன்னேன். 2017-ல வான்னாக்ரை, அப்பமும் சொன்னேன்" என்பார். யாரிடம் சொன்னார் என்பது இதுவரை வெளிவரவில்லை.

ஆனால் நிஜ அறிகுறி வந்தால் மனிதர் அசையமாட்டார். ஆண்டிவைரஸ் தானாக அணைந்து கிடக்கும், டாஸ்க் மேனேஜர் திறக்க மறுக்கும், பிரவுசரின் முதல் பக்கம் யாரையும் கேட்காமல் மாறியிருக்கும். அண்ணாச்சி ஒரே வார்த்தையில் முடிப்பார்: "அப்டேட்டு."

போன சாரலில் ஒரு கல்லூரிப் பிள்ளை புராஜெக்டை பென்டிரைவில் கொண்டுவந்தாள். உள்ளே எல்லா ஃபோல்டரின் மூலையிலும் வளைந்த அம்புக்குறி. அளவு 1 கேபி, 2 கேபி. அசல் ஃபோல்டரை ஒளித்துவைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை நிறுத்திவைக்கும் வைரஸ் அது. கிளிக் செய்தால் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். அடுத்துச் செருகும் பென்டிரைவிலும் ஏறிக்கொள்ளும். யாருக்கும் சந்தேகம் வராதபடி ஒளித்த ஃபோல்டரையும் திறந்து காட்டும். கடைப் பையன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அண்ணாச்சி, இது வைரஸ் மாரி..."

"சும்மா கெட லே. மழை ஈரம் ஏறியிருக்கு." டபுள் கிளிக். ஃபோல்டர் திறந்தது. "பாத்தியா, தொறந்துட்டு!"

புராஜெக்ட் முழுதும் பிரிண்ட் ஆனது. அந்தப் பிள்ளை அண்ணாச்சிக்குத் தேங்க்ஸ் சொன்னாள். அவளுக்குப் பின்னால், மகள் கல்யாணப் பத்திரிகை அடங்கிய பென்டிரைவோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"கொண்டாங்க மாமா, நானே சொருகுதேன்" என்று அண்ணாச்சி கையை நீட்டினார்.