கப்பல் தெரியும், ரசீது தெரியாது

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் நிலக்கரிக் கப்பலா, கன்டெய்னர் கப்பலா என்று கடற்கரைச் சாலையிலிருந்தே சொல்லிவிடுவேன் என்று ரொம்பக் காலம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். முக்கால்வாசி ஊகம்தான். கையிலிருக்கும் மீன்கடைச் சீட்டை மட்டும் எட்டப் பிடித்து, கூட்டலைக் கடைக்காரர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வேன். சாயங்காலத் தலைவலிக்கு உப்பளத்து வெயிலைப் பழி சொன்னேன். பாவம், உப்பளம்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் ப்ளஸ் மூன்று, கூடவே சிலிண்டர், அதாவது கருவிழி வளைவின் கோணல், ஒன்றரை. விழி சற்றுக் குட்டை. பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழுகிறது. இளமையில் உள்லென்ஸ் முக்கி முக்கிச் சமாளித்திருக்கிறது. நாற்பது தாண்டியதும் கைவிட்டுவிட்டது.

கண்ணாடி போட்டால் வயசாளி ஆகிவிடுவோமே என்று லேசருக்குப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மைனஸ்காரர்களுக்குக் கருவிழியின் நடுவை இழைத்துத் தட்டையாக்கினால் போதும். ப்ளஸ்ஸுக்கு நடுவை மேடாக்க வேண்டும். லேசருக்கோ எடுக்கத்தான் தெரியும், வைக்கத் தெரியாது. அதனால் சுற்றிலும் வளையமாகச் செதுக்குகிறார்கள். அந்தப் பள்ளத்தை மேல்தோல் மெல்ல நிரப்பப் பார்க்கும். ஆகவே பழைய பவர் கொஞ்சம் திரும்புவது மைனஸைவிட ப்ளஸ்ஸில்தான் அதிகம். சிலிண்டருக்கு இன்னொரு வில்லங்கம்: படுத்தால் கண் லேசாக உருளும். அச்சு முப்பது டிகிரி விலகினால் திருத்தியும் திருத்தாத கணக்குதான். அதற்காக உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் குறி வைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இதெல்லாம் பொடி எழுத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தில், ஒரு வரியும் தெரியாமல், வாசித்த பாவனையில் கையெழுத்தும் போட்டேன்.

முதல் சில வாரம் கிட்டத்தில் அமோகம், தூரம் மங்கல். இதுவும் ஏற்கெனவே சொல்லப்பட்டதுதான். மக்ரூன் பொட்டலத்தில் அச்சடித்திருந்ததை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் யாரோ ஒருவரை மைத்துனர் என்று நினைத்து, கடன் பாக்கியைப் பற்றி விசாரித்தேன். மாதங்கள் போகப் போகத் தூரம் தெளிந்தது, கிட்டம் நழுவியது. மிச்சம் ப்ளஸ் ஒன்று, அதற்கு மேல் வயசின் வட்டி. வண்டி ஓட்டவும் டிவி பார்க்கவும் கண்ணாடி வேண்டாம் என்பதால், ஆஸ்பத்திரிக் கணக்கில் இது வெற்றி. ஆபரேஷனுக்கு முந்தின நாளே வாசிப்புக் கண்ணாடியைப் பெருந்தன்மையாகத் தானம் செய்துவிட்டவனுக்கு அது எந்தக் கணக்கோ. நடைபாதைக் கடையில் ஒன்று வாங்கி, சட்டைப் பையில் மறைத்துவைத்திருக்கிறேன்.

அடுத்த முறை போனபோது வாதத்தோடு போனேன். தண்ணீருக்குள் கருவிழியின் நாற்பத்துச் சொச்சம் பவரும் அநேகமாகச் செத்துவிடும். யாராக இருந்தாலும் படுமோசமான ப்ளஸ்காரர்தான். அப்படியிருந்தும் நம்மூரில் வெறும் கண்ணோடு முங்கி முத்துச்சிப்பி அள்ளினார்களே! கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்தானே! தாய்லாந்துப் பக்கத்து மோக்கன் கடலோடிப் பிள்ளைகள் கண்மணியைச் சுருக்கி, ஐரோப்பியப் பிள்ளைகளைப்போல இரு மடங்கு கூர்மையாகத் தண்ணீருக்குள் பார்க்கிறார்கள் என்று அன்னா கிஸ்லேன் 2003-இல் எழுதியதையும் எடுத்துவிட்டேன். பழகினால் நானும் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் அல்லவா?

டாக்டரம்மா கேட்டார்: “அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வயசு அண்ணாச்சி?”

நான் பேச்சை உப்பு விலைக்கு மாற்றினேன்.